நாலு மணி நாற்றம்

கையில் தூபக்காலோடு மீன் கடை நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

மாலை நாலு மணி இருக்கும். மீன் கடையில் ஒரு மீன்கூட இல்லை. காலையிலேயே எல்லாம் விற்று, கழுவிவிட்ட கடப்பாக்கல் பாதி காய்ந்தும் பாதி ஈரமாகவும் கிடந்தது. நான் கங்கின் மேல் இன்னும் கொஞ்சம் சாம்பிராணியைத் தூவி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துப் பூக்கடை அஞ்சலை எழுந்து வந்தாள். புகையை இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லது பண்றீங்க சார். கண்ணு பட்டிருக்குது இந்த இடத்துக்கு" என்றாள்.

கவிழ்த்த ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த கமால் பாய் மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. "இன்னா சார், வித்துப்போன மீனுக்கெல்லாம் கருமாதி பண்றீங்களா?" என்றார்.

"பேசாதீங்க பாய். மூச்சு பட்டா புகை கலையுது."

"என் கடையே கலையப் போவுது. நீங்க புகைக்கு அழுவுறீங்க."

அவர் சொன்னது உண்மை. அமாவாசைக்குள் அவர் அந்த இடத்தைவிட்டுப் போயாக வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அந்த முடிவு சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள என்னிடம் இருந்த ஒரே கருவி, என் மனைவி தேவகி வெள்ளிக்கிழமைக்கு என்று வாங்கி வைத்திருந்த கால் கிலோ சாம்பிராணி.

புகை எங்கே போனது என்று சொல்வதற்கு முன்னால், அந்தக் கட்டடம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அதில் என் திருட்டு ஒன்றும் இருக்கிறது.

படத்தில் பார்த்த மார்க்கெட்

வாராவாரம் என்னைச் சகித்துக்கொள்பவர்களுக்கு என் தகுதி தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் சிவில் டிப்ளமோ. விழுப்புரத்தில் ஸ்டேஷன் பக்கம் ஓர் இஞ்சினியர் ஆபீசில் பதினோரு வருஷம் கட்டடங்களுக்குப் படம் போட்டேன். பெரும்பாலும் கல்யாண மண்டபங்கள். மாப்பிள்ளை அறைக்கு பாத்ரூம் வைக்க மறந்துபோன மண்டபம் ஒன்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முகூர்த்தத்திலும் யாரோ ஒரு மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் ஓடும்போது, பெயர் தெரியாமலேயே என்னைத் திட்டுகிறான்.

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்த தனகோட்டி மொதலாளி ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். கிழக்கு மேற்காக ரயில் பெட்டி போல நீண்ட ஒரு மனை. அதில் காய்கறி மார்க்கெட் கட்ட வேண்டும்.

விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். போனை நோண்டிக்கொண்டே வந்தபோது, எந்த நாடு என்று தெரியாத ஒரு நாட்டின் படம் கண்ணில் பட்டது. கீழே காயும் மீனும் ரொட்டியும் விற்கும் மார்க்கெட். அதன் மேலேயே குதிரை லாடத்தைக் கவிழ்த்தது போல வளைந்த கட்டடம். அந்த வளைவுக்குள் வரிசை வரிசையாக வீடுகள். ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து ஓர் அம்மாள் கீழே குவிந்திருந்த தக்காளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விக்கிரவாண்டி தாண்டும்போது இதைத்தான் கட்டப்போகிறேன் என்று முடிவு செய்தேன். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் திறப்பு விழாவில் எனக்குச் சால்வைகூடப் போட்டுவிட்டார்கள்.

மொதலாளி போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வளஞ்சிருக்குதே ஏழுமல. மேல இருக்கறவன் கட்டில் சறுக்காதா?"

"நாம நேராக் கட்டிக்கலாங்க. கீழ கடை, மேல வூடு. மழைக்குக் கடை நனையாது. வூட்டுக்காரன் படி எறங்கினா கத்திரிக்கா."

"ரெண்டு பக்கமும் வாடக வரும்ன்ற."

மற்றதெல்லாம் அவருக்கே புரிந்துவிட்டது.

அப்படி வந்ததுதான் மாடி மார்க்கெட். நடுவில் நீளமான கூடம். இரு பக்கமும் கடைகள். கடைகளுக்கு மேல் இரண்டு தளம் வீடுகள், எல்லா வீட்டு வாசலும் ஜன்னலும் உள்ளே மார்க்கெட்டைப் பார்த்து. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பெரிய தகரக் கூரை. கிழக்கு முனை முழுக்க இரும்பு கிரில். அங்கேதான் லோடு ஆட்டோ வந்து நிற்கும் என்பதால், மீன் கடை அதை ஒட்டி. மேற்கு முனையில் மொதலாளியின் மல்லாட்டை கோடவுன்.

கோடவுனுக்கு மேலே, என் முதல் படத்தில், ஒன்றுமே இல்லை. திறந்த வெளி. ஏன் அப்படி விட்டேன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். அந்த வெளிநாட்டுப் படத்தில் இரண்டு முனையும் திறந்தாற்போலப் பளிச்சென்று இருந்தன. பக்கத்துப் பையனைப் பார்த்துப் பரீட்சை எழுதுபவன் அடித்தல் திருத்தலையும் சேர்த்து எழுதுவது போல, நானும் விட்டுவைத்தேன்.

லட்சுமிக்கு ஒரு தடுப்புச் சுவர்

அஸ்திவாரம் போடும் சமயத்தில் மொதலாளி தாராள மனசோடு ஒரு வார்த்தை சொன்னார். "நீயும் ஒரு வூடு போட்டுக்கினு இங்கயே வந்துடு ஏழுமல. எது பழுதானாலும் ஆளு பக்கத்துல இருப்ப."

விழுப்புரம் பக்கம் எங்கள் ஊர் கெடாரில் நாங்கள் அண்ணன் தம்பி மூன்று குடும்பம், ஒரு வீடு, ஒரு குளியலறை. காலையில் அதன் வாசலில் நிற்கும் வரிசையில் என் இடம் ஏழாவது. அதனால் மொதலாளி சொன்னது காதில் விழுந்ததுமே எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் எல்லா வீட்டுக்கும் ஆள் பேசி முடிந்திருந்தது. படத்தை விரித்துப் பார்த்தேன். மேற்கு முனையில் அந்தத் திறந்த வெளி சும்மா கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதற்குள் ஒரு வீட்டை அடைத்துவிட்டேன். நடுவில் ஹால், ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் படுக்கையறை. அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டி.

மொதலாளிக்கு ஞாபகசக்தி அதிகம். "மொதல்ல இங்க தொறந்து இருந்துதே. ஏன் அடைக்கற?"

எனக்கு வீடு வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். மனிதர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். நான் எதையும் நேராகச் சொல்லிப் பழகாதவன்.

"கெழக்கால வர்ற லட்சுமி, மேற்கால தொறந்திருந்தா நிக்காம நேரா வெளிய போயிடுவாங்க. அடைச்சாத்தான் உள்ள தங்குவாங்க."

மொதலாளி கும்பிட்டார். இப்படி ஒரு வரி எந்த சாஸ்திரத்திலும் இல்லை. பின்னால் பயந்துபோய்த் தேடியும் பார்த்தேன்.

கூடை இறங்கும் நேரம்

மார்க்கெட்டுக்கு மேல் குடியிருப்பது ஒரு தனி வாழ்க்கை. எங்களுக்குக் கடிகாரம் வேண்டாம், மூக்கு போதும். ஈரக் கொத்தமல்லி வாசனை வந்தால் விடிந்துவிட்டது. புது மீனின் கடல் வாசனை லேசாக எட்டினால் ஆறரை. வாழைப்பழ மண்டியில் தார் வெட்டும் பச்சை வாசனைக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும். காய்ந்த மிளகாய் மூட்டை இறங்கும் நாளில் மூன்று தளமும் சேர்ந்து தும்மும். பதிலுக்கு, மேலே யாராவது குழம்புத் தூளுக்கு மிளகாய் வறுத்தால் கீழே பேரம் பேசுகிறவர்கள் விலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தும்மப் போய்விடுவார்கள். திரும்பி வந்து சொன்ன விலைக்கே வாங்கிப் போவார்கள் என்பதால், அந்த நேரத்தில் கடைக்காரர்களுக்கு நல்ல வியாபாரம்.

நான் படத்தில் போடாத ஒரு பழக்கமும் தானாக வந்தது. ஒவ்வொரு வீட்டு வராந்தா கம்பியிலும் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு கூடை. சீட்டு எழுதிப் போட்டு இறக்கினால் கீழே நிரப்பிவிட்டு ஒரு இழுப்பு இழுப்பார்கள். இரண்டு இழுப்பு என்றால், கேட்டது இல்லை, வேறு போட்டிருக்கிறது என்று அர்த்தம். தேவகியின் கூடைக்கு மட்டும் கமால் பாய் கிழக்கு முனையிலிருந்து நடந்து வந்து மீனை வைத்துவிட்டு, மேலே பார்த்துச் சொல்லுவார்: "தங்கச்சி, சங்கரா வெச்சிருக்கேன். இஞ்சினியருக்கு முள்ளு எடுத்துக் குடுங்க. படத்துல போடாதது எதுவும் அவரு கண்ணுக்குத் தெரியாது."

பாய்க்குச் சொந்த ஊர் கடலோரக் கோட்டக்குப்பம். பன்னிரண்டு வருஷம் கல்ஃபில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் மீன் பிரிவில் நின்றவர். அங்கே இருந்த குளிரில் விரல் மரத்துப்போய், இனி ப்ளேன் ஏறுவதில்லை என்று ஊரோடு வந்துவிட்டார். மாடி மார்க்கெட்டில் முதல் நாளிலிருந்து கடை போட்டவர் அவர்தான். ஊரில் மீன் வாங்கி ஐஸ் போட்டு விடியற்காலையில் கொண்டுவருவார். மதியத்துக்குள் விற்றுவிடுவார். கழுவுவார். கழுவுவது என்றால் பினாயில், ப்ளீச்சிங் பவுடர், தென்னை விளக்குமாறு என்று ஒரு மணி நேரம். வீட்டில் கல்யாணம் வைத்தவன்கூட அப்படிக் கழுவமாட்டான்.

டீச்சரின் நோட்டு

குடிவந்து இரண்டாவது கோடையில் அந்த நாற்றம் வந்தது. முதல் கோடையில் பாதி வீடும் பாதிக் கடையும் பூட்டிக் கிடந்ததால் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு ஒரு தளம் மேலே, பக்கவாட்டு வரிசையின் மேற்குக் கோடியில் குடியிருந்தவர் சரோஜா டீச்சர். அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவர். அவர் கணவருக்கு மூச்சு இழுப்பு. நாற்றம் வந்தால் டீச்சர் ஓடி ஜன்னல்களைச் சாத்துவார். ஜன்னலைச் சாத்தினால் தகரக் கூரையின் வெக்கை. எந்தப் பக்கம் போனாலும் அந்த மனிதருக்கு மூச்சு வாங்கியது.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். டீச்சர் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். தேதி, நேரம், காரணம் என்று பத்தி பிரித்து, தினமும் எழுதினார். நேரம் 3.50. காரணம்: மீன் கடை. நேரம் 4.05. காரணம்: மீன் கடை. ஒன்றரை மாதத்துப் பக்கங்களோடு குடியிருப்போர் கூட்டத்துக்கு வந்தார். அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் நான். ஆள் தேர்ந்தெடுத்த அன்று நான் கை கழுவப் போயிருந்தேன்.

கூட்டம் வெங்காயக் கடைச் சந்தில் நடந்தது. மொதலாளி சாக்கு மேல் உட்கார்ந்திருந்தார்.

"காலையில மீன் இருக்கறப்போ மேல நாத்தம் வரல. சாயங்காலம் மீனே இல்லாதப்போ வருது" என்றார் டீச்சர். "அப்போ விக்காத மீனை எங்கியோ வெச்சிருக்காருன்னுதானே அர்த்தம்?"

பாய் எழுந்தார். போய் ஐஸ் பெட்டியை இழுத்துவந்து எல்லோர் முன்னாலும் திறந்தார். உள்ளே ப்ளீச்சிங் பவுடர் நெடிதான் அடித்தது.

"மோந்து பாருங்க டீச்சர். நேத்து மீன இன்னிக்கு வெச்சா கல்ஃபுல அன்னிக்கே வேலைய வுட்டுத் தூக்கிடுவான். அந்த பயம் எனக்கு இன்னும் போவல."

"அப்போ நாத்தம் எங்கருந்து வருது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் டீச்சர் இப்பிடி பேஜாருல நிக்கறேன்?"

பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் மொதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, அமாவாசைக்குள் பாய் கடையை மார்க்கெட்டுக்கு வெளியே ரோட்டோரம் மாற்றிக்கொள்ளட்டும் என்றார்.

பாய் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "ரோட்டு வெயில்ல ஐஸு எவ்ளோ நேரம் நிக்கும் சார்? பத்து மணிக்கெல்லாம் மீனு கண்ணு வெளுத்துடும். டீச்சர் இன்னிக்கு சொன்னது பொய்யி. வெளிய போனா அது நெஜமாயிடும்."

அவர் இதைச் சொன்ன விதத்தில் எனக்கு அன்று ராச்சோறு சரியாக இறங்கவில்லை. அதைவிட இன்னொன்றும் அரித்தது. மீன் இருக்கும்போது வராத நாற்றம், இல்லாதபோது எப்படி வரும்? விடுகதை மாதிரி இது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. டீச்சரிடம் போய் நோட்டைக் கடன் கேட்டேன்.

"திருத்தாம திருப்பிக் குடுங்க" என்றார்.

புரட்டினால், சில நாட்களில் 'நாற்றம் இல்லை' என்று இருந்தது. ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்புகள். நாலு மணிக்கு மார்க்கெட்டுக்கு வெளியே கொடியில் துணி எடுக்கப் போகும்போது கண்ணில் பட்டதை டீச்சர் வேலைப் பழக்கத்தில் குறித்து வைத்திருந்தார். 'துணி மேற்குப் பக்கம் பறக்கிறது.' 'துணி அசையவில்லை.' நாற்றம் வந்த அத்தனை நாளும் துணி மேற்கே பறந்திருந்தது. துணி அசையாத நாளில் நாற்றம் இல்லை.

கடற்காற்று. கோடையில் மதியம் தாண்டிக் கிழக்கேயிருந்து கிளம்பி, நாலு மணி வாக்கில் எங்கள் ஊரை எட்டிப் பார்க்கும் காற்று. அதுதான் கிரில் வழியாக உள்ளே வந்து, கழுவிய கல்லையும் அதன் கீழ் இருக்கும் சாக்கடைத் தொட்டியையும் தடவிக்கொண்டு வருகிறது. பாய் எவ்வளவு கழுவினாலும் அந்தத் தொட்டியில் தங்கும் ஈரத்துக்கு ஒரு வாடை உண்டு. அது புரிந்துவிட்டது. ஆனால் வந்த காற்று வந்த வேகத்தில் வெளியே போகாமல் ஏன் மேலே ஏறி வீடுகளுக்குள் நுழைகிறது?

அதற்குத்தான் சாம்பிராணி.

புகை போன வழி

முதலில் புகை தூபக்காலுக்கு மேலேயே சோம்பேறித்தனமாகச் சுருண்டது. பாய் கொட்டாவி விட்டார். பிறகு கிரிலில் சிக்கியிருந்த ஒரு பிளாஸ்டிக் பை படபடத்தது. அஞ்சலையின் வாழைநார்க் கட்டு ஆடியது. புகை சட்டென்று படுத்தது. படுத்து, வழி தெரிந்த ஆள் போல மேற்கு நோக்கி நடக்க ஆரம்பித்தது.

நான் தூபக்காலோடு அதன் பின்னால் ஓடினேன். பாய் என் பின்னால் வந்தார். தக்காளிக் கடை, கீரைக் கடை, வாழை மண்டி. வழியில் எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள். வெங்காயக்காரர் தூபக்காலின் அடித்தட்டில் ஐந்து ரூபாய்கூடப் போட்டார்.

கூடத்தின் மேற்கு முனையில், கோடவுனுக்கு மேலே, ஒரு சுவர் வந்தது. ரோஸ் கலர் சுவர். புகை அதில் போய் முட்டியது. ஒரு நிமிஷம் அங்கேயே திகைத்துத் திரண்டது. வேறு வழியில்லாமல் சுவரோடு நிமிர்ந்து மேலே ஏறியது. கூரையைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து, முதல் வேலையாக டீச்சர் வீட்டு ஜன்னலுக்குள் போனது. மேலே டீச்சர் கணவர் இருமும் சத்தம் கேட்டது.

பாய் இடுப்பில் கைவைத்து அந்தச் சுவரைப் பார்த்தார்.

"சார், அது யாரு வூட்டு செவுரு?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே பாய்."

"தெரியும். உங்க வாயால சொல்லணும்னு கேட்டேன்."

"என்னுது."

"நாங்க நின்ன சூப்பர் மார்க்கெட்டுல ஏசி மெக்கானிக்கு ஒருத்தன் இருந்தான். உள்ள வர்ற காத்துக்கு வெளிய போவ வழி வெக்கணும்னு அவனுக்கே தெரியும் சார்."

அந்த வெளிநாட்டுக் கட்டடத்தின் இரண்டு முனையும் ஏன் பளிச்சென்று இருந்தன என்று, கட்டி முடித்துக் குடிவந்து இரண்டாவது கோடையில், கையில் அணைந்துகொண்டிருந்த கங்கோடு நான் கற்றுக்கொண்டேன். காற்று போக விட்டிருந்த வாசலில் நான் ஹால் கட்டி, நாற்காலி போட்டு, டிவி வைத்து உட்கார்ந்திருந்தேன்.

ஹாலா, பாயா

இந்த இடத்தில் நான் நேராக மொதலாளியிடம் ஓடினேன் என்று எழுத ஆசைதான். நாலு நாள் வாயே திறக்கவில்லை.

சாக்கடைத் தொட்டிக்கு இரும்பு மூடி போட்டுப் பார்த்தேன். ஒரு டின் பினாயில் வாங்கி ஊற்றினேன். நாலு மணிக்கு நாற்றம் பினாயில் வாசனையோடு சேர்ந்து வந்தது. ஹாலுக்கு என்று புதிதாக வாங்கிய சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை.

பாயும் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் வழக்கம்போலக் கூடையில் மீன் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். மேலே பார்த்து எதுவும் பேசாமல் போனார்.

ஐந்தாம் நாள் தேவகி கூடையை இறக்கவில்லை.

"ஏன், மீன் வேணாமா?"

"அந்தாளு ஏன் நாலு நாளா நம்ம வூட்ட அண்ணாந்து பாக்கறதே இல்ல? நீ இன்னா பண்ண?"

சொன்னேன். புகை, சுவர், லட்சுமி கதை, எல்லாம். அவள் ஹாலைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள்.

"இந்த ஹாலு மொத்தமுமா?"

"முன்னாடி பின்னாடி ரெண்டு செவுரையும் எடுக்கணும். சமையலறை இந்தப் பக்கம், படுக்கற ரூமு அந்தப் பக்கம். நடுவுல காத்துதான் இருக்கும்."

"சோபா?"

"அதான் எனக்கும் கவலையா இருக்குது."

அவள் சோபாவின் பிளாஸ்டிக் உறையை ஒருமுறை தடவினாள். பிறகு சொன்னாள்: "அவரு நெனச்சிருந்தா அன்னிக்கே டீச்சர் கிட்ட சொல்லியிருப்பாரு. நீ சொல்லுவன்னு உட்டு வெச்சிருக்காரு. எனக்கு இனிமே அவரு மீனக் கொழம்பு வெக்க முடியாது. அமாவாசைக்குள்ள நீ சொல்லு, இல்ல நான் வராந்தாவுல நின்னு சொல்றேன்."

தேவகி வராந்தாவில் நின்று பேசினால் பஸ் ஸ்டாண்ட் வரை கேட்கும்.

அமாவாசைக் கூட்டம்

மறுபடி வெங்காயக் கடைச் சந்து. மொதலாளி விரதம். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"பாய், சாமான் எப்போ எடுக்கறீங்க?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணுங்க" என்று நான் எழுந்தேன். கடற்காற்றைச் சொன்னேன். புகை போன வழியைச் சொன்னேன். தப்பு பாய் கடையில் இல்லை, என் வீடு நிற்கிற இடத்தில் இருக்கிறது என்றேன்.

மொதலாளி கேட்டார்: "மேற்க தொறந்துட்டா அப்போ லட்சுமி?"

"அது நானா வுட்ட கதைங்க, மொதலாளி. எனக்கு வூடு வேணும்னு சொன்னது. உள்ள தங்கினது நாத்தந்தான்."

அவர் சாக்கிலிருந்து எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வேறொரு கவலை ஓடிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி. அத நான் எங்க சம்பந்தி கிட்ட சொல்லி, அவரு மேற்குப் பக்கம் இருந்த அஞ்சு ஜன்னலயும் செங்கல் வெச்சு அடைச்சிட்டாரே."

பாய்தான் முதலில் சிரித்தார். பிறகு சந்து முழுக்கச் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"ஹாலை எடுத்தா சரியாயிடும்னு எப்படிச் சொல்றீங்க? சோதனை பண்ணிப் பாத்தீங்களா?"

அன்று மாலையே பண்ணினோம். எங்கள் ஹாலின் வாசல் கதவு, பின்ஜன்னல் இரண்டையும் அகலத் திறந்து வைத்தேன். கீழே பாய் தூபக்காலைப் பிடித்தார். பாதி மார்க்கெட் படியேறி எங்கள் வீட்டில் நின்றது. காற்று எழுந்ததும் புகை வந்தது. கதவு வழியாக உள்ளே நுழைந்து, சோபாவைச் சுற்றி, டிவியைத் தாண்டி, ஜன்னல் வழியாக வெளியே போனது. கதவுக்குள் அடங்காத மிச்சப் புகை சுவரோடு மேலே ஏறியது.

"பாதி வெளிய போவுது டீச்சர்" என்றேன். கதவு ஜன்னலைத் திறந்து வைப்பதோடு தப்பித்துவிடலாம் என்று எனக்குள் ஒரு நப்பாசை.

"மீதிப் பாதி எங்க வீட்டுக்குள்ள போகுது" என்றார் டீச்சர்.

இப்போது

சுவரை இடித்துப் பல மாதங்கள் ஆகின்றன. இடித்த செங்கலைச் சம்பந்தி வீட்டுக்குத் தரலாமா என்று பாய் கேட்டார். அங்கேயே நிறைய இருக்கிறது என்று மொதலாளி சொல்லிவிட்டார்.

எங்கள் வீடு இப்போது இரண்டு துண்டு. சமையலறையிலிருந்து படுக்கையறைக்குப் போக, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி மட்டும் உள்ள ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். மார்க்கெட் மொத்தமும் அண்ணாந்து பார்க்கும். லுங்கியோடு நான் கடக்கும்போதெல்லாம் கீழேயிருந்து பாய் அறிவிப்பார்: "இஞ்சினியர் சார் சாப்ட்டாரு. படுக்கப் போறாரு."

சோபா படுக்கையறைக்குப் போய்விட்டது. அதைத் தாண்டித்தான் கட்டிலில் ஏற வேண்டும். ஹால் இருந்த இடத்தில் தேவகி ஒரு நாடாக் கட்டில் போட்டாள். கட்டடத்திலேயே காற்று அங்கேதான் என்று தெரிந்ததும், நாலு மணிக்கு அதில் எனக்கு இடம் கிடைப்பதில்லை. டீச்சர் கணவர் வந்து சாய்ந்துகொள்வார். மூச்சு சீராக வரும். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம் விடாமல் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, காற்றுக்குக் காத்திருப்பார்.

ஒருநாள் எட்டிப் பார்த்தேன். பழைய பக்கங்களைத் திறந்து வைத்து, சிவப்பு மையில் திருத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியிலும் காரணம் என்ற பத்தியில் 'மீன் கடை' என்பதை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு, அதன் மேல் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'ஏழுமலை வீட்டு ஹால்.' ஒன்றரை மாதம். ஒரு வரி விடவில்லை.

"எல்லா வரியிலயும் எழுதணுமா டீச்சர்? மேல ஒரு வாட்டி போட்டுட்டு, கீழ புள்ளி வெச்சுட்டா போதாதா?"

"தப்பா பாய் கடையைப் போட்டது ஒவ்வொரு வரியிலதானே" என்றார் டீச்சர். ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

கல்லைக் கழுவிவிட்டு விளக்குமாற்றோடு கீழே எங்கள் பக்கம் வந்த பாய்க்கு இது கேட்டுவிட்டது. விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, எங்கள் கூடைக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார்.

"டீச்சர், எழுதி முடிச்சதும் அத இதுல வெச்சு எறக்குங்க. ஜெராக்ஸ் எடுத்துக்கினு ஜல்தியா தந்துடறேன்."

டீச்சர் முடித்ததும் நோட்டைக் கூடையில் வைத்து, தானே கயிற்றைப் பிடித்து இறக்கினார்.

பாய் கடைக்கு வருகிறவர்கள் பார்க்கலாம். தராசுக்கு மேலே, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு பக்கம் மாட்டியிருக்கிறது. மீனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஜனங்கள் அதைப் படிக்கிறார்கள். படித்துவிட்டு, யார் இந்த ஏழுமலை என்று கேட்பார்கள். பாய் கத்தியாலேயே மேலே காட்டுவார். அந்த நேரம் பார்த்து நான் லுங்கியோடு பாலத்தைக் கடந்துகொண்டிருப்பேன்.